நான்காவது வீட்டில் எலுமிச்சை இல்லை

"அந்த நிலத்தைத் தோண்டணும் சார். இன்னிக்கே தோண்டணும்."

எதிரே நின்றவள் சொல்லி முடித்ததும் உதவி இயக்குநர் பேனாவின் மூடியைத் திருகினார். மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். அறையின் மூலையில் நின்ற அவள் உதவியாள் சங்கிலி, இடி எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பவரைப் போலக் கூரையைப் பார்த்தார்.

பத்து மாதத்துக்கு முன்னால், மானிய மோசடிகளைப் பிடிக்கும் விழிப்புப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதே அறையில்தான் அவளுக்கு ஒரு புத்திமதி கிடைத்தது. "லீவு கேளு. ஜீப் கேளு. நல்ல நாற்காலி கேளு, கிடைக்காது, ஆனாலும் கேளு. ஓய்வு நிலத்தைத் தோண்டணும்னு மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்காதே."

அந்த அலுவலகத்தின் மூச்சே மண் ஓய்வுத் திட்டம்தான். உழுது உழுது களைத்துப்போன நிலத்தைப் பத்து வருடம் புல்லுக்கும் பூச்சிக்கும் விட்டுவிட்டால், பண்ணைக்காரருக்கு அரசாங்கம் வருடா வருடம் மானியம் தரும். நிபந்தனை ஒன்று: மண்ணில் இரும்பு படக்கூடாது. பட்டால் ஒப்பந்தம் முறியும். அதைப் படவைத்தது அலுவலகமே என்றால் ஆள் முறியும்.

"சும்மா இருக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறது நம்ம ஆபீஸ் மட்டும்தான்னு நெனச்சேன்" என்பார் சங்கிலி. "நிலமும் வாங்குதுன்னு இங்க வந்த பிறகுதான் தெரிஞ்சது."

உதவி இயக்குநர் ஒருவழியாகப் பேனாவை மேசையில் வைத்தார். "கிணறு வெட்டப் போனா பூதம் கிளம்பும்னு உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

"எங்க வீட்டுல கிணறு வெட்டித்தான் சார் சாப்பிட்டாங்க. பூதம் எதுவும் வரல. கூலிதான் வரல."

சங்கிலிக்கு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவருக்கு முப்பது வருட அனுபவம். நில அளவைச் சங்கிலி பிடித்தே காலம் கழித்து, ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். அவளுக்கு அவர் உதவியாள். அவளுடைய பட்டப்பெயரை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். தீக்குச்சி. ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள்.

"தோண்டக் கூடாது. போய்ச் சுத்திப் பாத்துட்டு வா. பாத்தேன்னு எழுதிக் கொடு. மூணு மணிக்கு விசாரணை அதிகாரி முடிவு சொல்லிடுவார், கேஸ் முடிஞ்சது."

அந்த முடிவைத் தடுக்கத்தான் அவள் வந்திருந்தாள். மேற்குப் பண்ணையின் ஓடை ஓரத்து நிலம் ஆறு வருடமாக ஓய்வு நிலம். அங்கே பன்னிரண்டு வீடுகள் இருந்தன, பண்ணையில் பாடுபட்டவர்களின் வீடுகள், ஒரே காலையில் எங்களைக் கிளப்பிவிட்டு மறுநாள் இடித்து நிரவினார்கள் என்று ஒரு தையல்காரி புகார் கொடுத்திருந்தாள். நிலத்தில் ஆள் குடியிருந்தால் முதலில் அவர்களுக்கு மாற்று மனை தர வேண்டும், பிறகுதான் மானியம். ஆனால் அலுவலகத்தின் அச்சுத் தாள், அங்கே இருந்த குடியிருப்பு 0 என்றது. ரேஷன் அட்டை, ஓட்டு அட்டை எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பண்ணையின் விலாசம்தான். வீடு என்று ஒன்று இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கிடையாது. இருந்தால் மண்ணுக்கடியில் அஸ்திவாரம்தான்.

பண்ணைக்காரர் பொய்ப் புகார் என்று எதிர்வழக்குப் போட்டிருந்தார். அந்தப் பூஜ்யம் மூன்று மணிக்கும் பூஜ்யமாகவே இருந்தால் பன்னிரண்டு குடும்பத்தின் மனையும் அத்தோடு முடிந்தது. தையல்காரிக்கு ஆறு மாதம் சிறை.

"மேடம், இந்தக் கேஸ் வேணாம்" என்றார் சங்கிலி, ஜீப்பில் ஏறும்போது. "வடக்குப் பண்ணையில ஒருத்தன் ஆட்டுக் கொட்டகையைப் பறவைக் கூடுன்னு சொல்லி மானியம் வாங்குறான். அருமையான கேஸ். சிரிச்சுக்கிட்டே பிடிக்கலாம்."

"வண்டியை எடுங்க சங்கிலி அண்ணே."

* * *

ஓய்வு நிலத்தின் வாசலில் பச்சைப் பலகை. உள்ளே இடுப்பளவு புல். காற்று வந்தபோது மொத்தப் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்து, யாரோ நடந்துபோனதைப் போல ஒரு வகிடு விழுந்து, மறுபடி மூடிக்கொண்டது.

வேலிக்கு வெளியே, சாலையில், தையல்காரி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. கழற்றி வைக்க மறந்து வந்திருக்கிறாள். வேலிக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவள் மீது தடை.

"நான் இங்கயே நிக்கிறேன். நீங்க பாருங்க" என்றாள். "நான் பொய் சொல்லலன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. தினம் நாலு பேர் நீ அங்க இருந்ததே இல்லன்னா, ராத்திரி படுத்தா, இருந்தோமா இல்லையான்னு ஆயிடுது."

காவல்காரர் சாவியோடு வந்தார். பூட்டைத் திறந்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"வாங்களேன்" என்றாள் தீக்குச்சி.

"பகல்தானே, வர்றேன். பொழுது சாஞ்சா வர மாட்டேன்."

"ஏன்?"

"சமைக்கிற வாசனை வரும். நடக்க நடக்க, காலடியில இருந்து வரும். ஆள் இல்லாத இடத்துல அடுப்படி வாசனை வந்தா என்ன அர்த்தம்?"

"மல்லிகைப்பூ வாசனையோட வர்ற பேய்தான் எனக்குப் பழக்கம்" என்றார் சங்கிலி. "சமையல்கட்டுப் பேய் இப்பத்தான் கேள்விப்படறேன். வேலைக்குச் சேர்த்துக்கலாம். என் சம்சாரத்துக்கு முட்டி வலி."

பத்தடி போனதும் வாசனை வந்தது. பச்சையான, குளிர்ந்த வாசனை. காவல்காரர் நின்றுவிட்டார். தீக்குச்சி குனிந்து, தன் செருப்பைத் தூக்கி, அடியில் நசுங்கியிருந்த இலையை எடுத்து முகர்ந்தாள்.

"புதினா."

"பேய் புதினாவா?"

"நட்ட புதினா. யாரோ வீட்டுக் கொல்லையில, பாத்திரம் கழுவுற தண்ணி விழுற இடத்துல நட்டது. நட்டவங்க போயிட்டாங்க. இது போகல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அந்த மரங்கள் கண்ணில் பட்டன. புல்லுக்கு மேலே கரும்பச்சைத் தலைகள். எலுமிச்சை. காட்டில் முளைக்கிற எதுவும் வரிசையில் முளைக்காது. இவை நின்றன, கதவு தட்டக் காத்திருப்பவர்கள் மாதிரி.

"அளங்க அண்ணே."

சங்கிலி நாடாவை இழுத்தார். "பதினாறு அடி." அடுத்த மரம். "பதினாறு." அடுத்தது. "மேடம், இந்த மரமெல்லாம் நம்ம ஆபீஸ்ல சேர்ந்திருக்கலாம். இவ்வளவு ஒழுங்கு அங்க யாருக்கும் இல்ல."

"வீட்டுக்கு வீடு பதினாறு அடி. கொல்லைக்கு ஒரு மரம். வீட்டை இடிச்சவங்க மரத்தை ஏன் விட்டாங்க?"

"ஏன்?"

"நிக்கிற மரத்துக்குத் தனி மானியம் அண்ணே. நம்ம விதிப் புத்தகம், பதினொண்ணாவது பக்கம். பேராசை வீட்டைத் தின்னுச்சு. அதே பேராசை மரத்தைக் காப்பாத்திக் கொடுத்திருக்கு."

ஓடையின் பக்கத்திலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த மரத்துக்கு முப்பத்திரண்டு அடி. நடுவில் ஒன்றும் இல்லை. பட்ட மரமில்லை, அடிக்கட்டையும் இல்லை. அப்புறம் மறுபடி பதினாறு பதினாறாகக் கடைசிவரை. மொத்தம் பதினொன்று.

பன்னிரண்டு வீடு என்கிறாள். பதினொரு மரம். பண்ணைக்காரரின் வக்கீலுக்கு இந்த ஒரு ஓட்டை போதும்.

அவள் புல்லைத் தள்ளிக்கொண்டு வேலிக்குத் திரும்பினாள். குரலில் எதையும் காட்டாமல் கேட்டாள்.

"அக்கா, உங்க தெருவுல எல்லா வீட்டுலயும் எலுமிச்சை இருந்துச்சா?"

தையல்காரியின் முகம் உடனே கோணிக்கொண்டது. ஆறு வருடப் பழைய கோபம், புத்தம் புதிதாக.

"எல்லா வீட்டுலயும் நான் கொடுத்த கன்னுதான். என் மரத்துப் பழத்துல போட்ட விதை. ஓடைப் பக்கத்துலருந்து நாலாவது வீட்டுக்காரி மட்டும் வாங்கல. அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. குடத்தை இடிச்சுட்டு என்னையே திட்டினா. நீ கொடுத்து என் கொல்லையில மரம் வரணுமான்னு கேட்டாம்மா, ஊர் பாக்க!"

தீக்குச்சி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இல்லாத வீட்டுக்கு மரம் வைத்துப் பொய் சொல்லலாம். இல்லாத பக்கத்து வீட்டுக்காரியோடு ஆறு வருடம் சண்டையைக் காப்பாற்ற எந்தப் பொய்க்காரியாலும் முடியாது.

"நீங்க இருந்தீங்கக்கா" என்றாள். "சந்தேகமே வேணாம்."

தையல்காரி தலையை ஆட்டினாள். அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

அந்த நேரத்தில் உள்ளே "ஐயோ" என்று காவல்காரரின் சத்தம். கால் தடுக்கி விழுந்திருந்தார். புல்லுக்கடியில் ஒரு கல் பலகை. தீக்குச்சி ஓடிப்போய் அதன்மேல் குதிகாலால் தட்டினாள். அடியிலிருந்து நீண்ட, வெற்றுச் சத்தம் வந்தது. கீழே யாரோ பதிலுக்குத் தட்டியதைப் போல.

"கிணறு. மூடிவச்சிருக்காங்க."

காவல்காரர் முழங்காலைத் தேய்த்தார். "ஆறு வருஷம் காவல் காக்கிறேன். இங்க கிணறு இருக்குன்னு எனக்கே தெரியாதே."

தீக்குச்சி திரும்பிப் பார்த்தாள். புல்லில் மூன்று தடங்கள் தெரிந்தன. அவளுடையது நேராக ஓடி வந்தது. காவல்காரருடையதும் நேராக வந்து இந்தக் கல்லில் முடிந்தது. சங்கிலியின் தடம் மட்டும் இந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்து, பலகையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு.

சங்கிலி நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜோக் எதுவும் வரவில்லை. கிணற்றைப் பார்த்து ஜோக் வராத சங்கிலியை அவள் அன்றுதான் பார்த்தாள்.

* * *

ஜீப் பண்ணைச் சாலையைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"கிணறு இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்தக் கிணறு?"

"அண்ணே."

சங்கிலி வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார், சாலை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் போல.

"அந்தக் கிணத்துலதான் தண்ணி குடிச்சேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. அந்த நிலத்தை அளந்தவன் நான்தான் மேடம்."

"பன்னிரண்டு வீடு?"

"பன்னிரண்டு. கை விரலை மடக்கி எண்ணினேன், அப்புறம் ரெண்டு விரலை மறுபடி நீட்டினேன். நாலாவது வீட்டுக்காரிதான் தண்ணி இறைச்சுக் கொடுத்தது. பண்ணை மேனேஜர் நிழல் மாதிரி கூடவே வந்தான். குடியிருப்புக் கட்டத்துல பூஜ்யம் போடுன்னான். என் மகன் அப்ப மூணு வருஷமா வீட்டுல உட்கார்ந்திருந்தான். மறுவாரமே பண்ணையில கணக்குப்பிள்ளை வேலை."

"போட்டீங்க."

"போடல!" முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "பன்னிரண்டுன்னு எழுதத் துணிச்சல் இல்ல. பூஜ்யம்னு எழுதக் கை வரல. கட்டத்தைக் காலியா விட்டேன். காலியா இருந்தா மேல எவனாவது என்னய்யா இதுன்னு கூப்பிட்டுக் கேட்பான், அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அதான்னு நெனச்சேன். ஒருத்தனும் கேட்கல மேடம். ஊமை கண்ட கனவாப் போச்சு."

"முழுப் பன்னிரண்டு குடும்பத்தை ஒரு காலிக் கட்டத்துல மறைச்சுட்டு, கனவு கண்டேன்கிறீங்க."

"ஆமா."

"காலையில அதான் ஆட்டுக் கொட்டகைக் கேசுக்குக் கூப்பிட்டீங்க."

"ஆமா."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அறுபத்திரண்டு வயது மனிதர் முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு கண்ணீர் விடுகிறார். இவள் எங்கே கத்துவாள்? அதைவிட அவசரமான கேள்வி ஒன்று மண்டையைக் குடைந்தது.

"நீங்க காலியா விட்டீங்க. தாள்ல 0 இருக்கு. அந்த 0 யார் போட்டது?"

* * *

மூலப் படிவங்கள் கிடக்கும் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கணினியில் ஏற்றியதும் படிவங்களை மூட்டையாகக் கட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். பிறகு எல்லோருக்கும் அச்சுத் தாள்தான் வேதம். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவன் கிடையாது, கரையானைத் தவிர.

ஒன்றரை மணிக்குத் தொடங்கினார்கள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு சங்கிலி ஒரு தாளை இழுத்தார். அவருடைய கையெழுத்து. அடியில் கையொப்பம். நடுவில், குடியிருப்பு என்ற சொல்லுக்கு எதிரே, ஒரு கட்டம். பேனாவின் புள்ளி ஒன்று கட்டத்தின் ஓரத்தில் இருந்தது. எழுத வந்து நின்று, திரும்பிப்போன பேனா.

தீக்குச்சி அச்சுத் தாளைப் பக்கத்தில் வைத்தாள். இதில் காலி. அதில் 0. பூஜ்யம் பண்ணையிலிருந்து வரவில்லை. இந்தக் கட்டடத்துக்குள்தான் பிறந்திருக்கிறது.

"அச்சுத் தாள்ல கீழ்மூலை பாருங்க மேடம்" என்றார் சங்கிலி. உயிர் திரும்பியிருந்தது அவருக்கு. "கணினியில ஏத்தினவங்க நம்பர் இருக்கும். அந்தக் கோடையில தற்காலிகமா பொண்ணுங்களைப் பிடிச்சு, ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவுன்னு ஏத்தச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு வந்து, ஆமா, காலியாத்தான் இருந்துச்சு, நானாத்தான் போட்டேன்னு சொல்லிட்டா போதும். நான் எண்ணினேன்னு நான் சொல்றேன். பென்ஷன் போகும், போகட்டும். நம்பர் என்ன?"

அவள் அச்சுத் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"மேடம், நம்பர்?"

"பதினேழு."

"பதினேழு. யாருன்னு கண்டுபிடிக்கணுமே. எங்க போய்த் தேடறது?"

அவள் காலடியில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். இந்த அறைக்குப் பக்கத்து அறை, ஆறு வருடத்துக்கு முன்னால். ஜன்னல் கிடையாது. வரிசையாகக் கணினிகள். நாற்காலி முதுகில் சுண்ணாம்பால் எழுதிய எண்கள். கல்லூரியின் கடைசி வருடக் கட்டணத்துக்கு வழியில்லாத ஒரு கோடை விடுமுறை. முதல் நாளே ஒரு காலிக் கட்டம் வந்தது. கணினி சிவப்பாகி நின்றுவிட்டது, அடுத்த பக்கம் போக மறுத்தது. அவள் எழுந்து போய் மேற்பார்வையாளரைக் கேட்டாள். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "காலியா இருந்தா பூஜ்யம் போட்டுத் தள்ளும்மா."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. தள்ளினாள். ஒரு நாளைக்கு இருநூறு படிவம். அறையிலேயே அவள்தான் வேகம். இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கைதட்டினார்கள்.

எண் விசைகளில் பூஜ்யத்துக்கு உரிய விரல் வலது கட்டை விரல். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அம்மா, அப்பா, அத்தை, மாமா, யாவரும் மையில் விரலை உருட்டி, படிக்கத் தெரியாத தாள்களில் வைத்துவிட்டு வந்தவர்கள். அந்த வம்சத்தில் முதன்முதலாகப் படித்தவள், படிக்கத் தெரிந்த தாளில், அதே விரலை வைத்திருக்கிறாள். பன்னிரண்டு கூரையின் மீதும்.

"சங்கிலி அண்ணே."

"சொல்லுங்க."

"தேட வேணாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துபோனது. எதிரே கிடந்த மூட்டையின் மேல் அவரும் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் யாரும் இல்லை. இருந்தாலும் விசைகள் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் விட்ட கட்டத்தை நீங்க மூடியிருக்கீங்க" என்றார் கடைசியில். "நல்ல ஜோடி மேடம் நாம. கொலைகாரனும் வெட்டியானும் ஒரே ஜீப்புல சுத்திக்கிட்டு, கொலையைக் கண்டுபிடிக்கிறோம்."

அவள் எழுந்தாள். பாவாடை போலக் கால்களில் சுற்றிய நூலாம்படையைத் தட்டிவிட்டாள். இரண்டு தாள்களையும் ஒரு கோப்பில் வைத்தாள். நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். படியேறத் தொடங்கினாள்.

* * *

உதவி இயக்குநர் இரண்டு தாள்களையும் பார்த்தார். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அலுப்புதான்.

"காலிக் கட்டம்னா ஆள் இல்லன்னு அர்த்தம். எந்த வக்கீலும் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவான்."

"அளந்தவர் பன்னிரண்டு எண்ணினேன்னு சொல்றார் சார். இதோ நிக்கிறார். ஏத்தினவ, காலியா இருந்தது, கேட்காம பூஜ்யம் போட்டேன்னு சொல்றா. ரெண்டும் சேர்ந்தா வக்கீல் என்ன சொல்வான்?"

"ஏத்தினவளா? தற்காலிக ஆளுங்கம்மா. எந்த ஊருக்குப் போய் எத்தனை பிள்ளை பெத்தாளோ."

"எங்கயும் போகல. பிள்ளையும் பெறல. உங்க முன்னாடிதான் நிக்கிறா."

மின்விசிறி சுற்றியது. மேசையில் இருந்த தாளின் ஓரம் எழுந்து எழுந்து படுத்தது. உதவி இயக்குநர் அதன்மேல் கையை வைத்தார்.

"உட்காரு" என்றார்.

பத்து மாதத்தில் அவர் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் உட்காரவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம்தான் நீ நிரந்தரமாக. நீ போய் அங்க வாயைத் திறந்தா முதல்ல யார் பேர் எழுதுவாங்க? பண்ணைக்காரர் பேரா? பொய்ப் பதிவு செஞ்சவன்னு உன் பேர். அப்புறம் இவர் பேர். உனக்கு வேலை போகும், இனி எந்த அரசாங்க வேலைக்கும் மனு போட முடியாது. இவருக்குப் பென்ஷன் போகும். பண்ணைக்காரருக்கு? வாங்கினதைத் திருப்பிக் கட்டுன்னு ஒரு நோட்டீஸ். கட்டிட்டுப் போயிடுவார்."

"சார், எனக்குத் தூக்கம் போய் ஆறு வருஷம் ஆச்சு" என்றார் சங்கிலி. "அதுக்கு யாரும் ஒரு மெமோகூடத் தரல. பென்ஷன் போனா மெமோவாவது வரும்."

"நீங்க சும்மா இருங்க!" அவர் அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். தணிந்த குரல்தான் அதிகம் பயமுறுத்தியது. "உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீ. என்ன பாடுபட்டு வந்திருப்பேன்னு எனக்குத் தெரியும். சரி, அதையும் விடு. அந்தக் கோடையில எத்தனை ஃபாரம் ஏத்தின?"

அவள் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

"ஆறாயிரம்? ஏழாயிரம்? அதுல காலிக் கட்டம் இது ஒண்ணுதானா? இன்னிக்கு ஒரு பூஜ்யத்தை எழுப்பினா நாளைக்கு மத்ததெல்லாம் எழுந்து வரும். வரிசையா. ஒவ்வொண்ணும் உன் நம்பரைச் சொல்லிக்கிட்டு வரும். தாங்குவியா நீ?"

அது மிரட்டலாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் கண்ணில் அவை எழுந்துவிட்டன. பெயர் தெரியாத சரிவுகளில், இடுப்பளவு புல்லில், காலடியில் நசுங்கும் இலைகளின் மேல், அவள் கட்டை விரல் பட்ட இடமெல்லாம். எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்குமே தெரியாது.

"எத்தனைன்னு தெரியல சார்" என்றாள். "தெரியாம இனிமே இங்க உட்கார்ந்து சம்பளம் வாங்க முடியாது."

"அந்தத் தாளை இங்க வச்சுட்டுப் போ. ஒரு மாசம் தள்ளிவைக்கச் சொல்றேன். நிதானமா, யாருக்கும் அடிபடாம ஒரு வழி பாக்கலாம்."

"அந்த அக்காவுக்கு மூணு மணிக்கு அடிபடும்."

"மணி ரெண்டே முக்கால்தான் ஆகுது. பதினஞ்சு நிமிஷம் இருக்கு. வெளிய போய் நில்லு, தண்ணி குடி, யோசி. யோசிச்சுட்டு வந்து சொல்லு."

தீக்குச்சி அவர் கைக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களையும் இழுத்தாள். ஒன்றின் மூலை லேசாகக் கிழிந்தது. எண் இருந்த மூலை இல்லை என்று பார்த்துக்கொண்டு கோப்பில் வைத்தாள்.

"யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன். அனுமதி கேட்க வரல. எங்க போறேன்னு உங்களுக்குச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சங்கிலி அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அவள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைக்கூடத்தில் இறங்கி, விசாரணை நடக்கும் எதிர்க் கட்டடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.